குமரிக் கடல் அலைகளைக் கணினியில் மாதிரியாக்குவது எப்படி: ஸ்வானை முதல்முறை ஓட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அலை மாதிரி என்று ப்ராஜெக்ட் தலைப்பு வாங்கிவிட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடல் அலைகளைக் கணக்கிடும் ஸ்வான் மென்பொருளின் கையேடு நல்ல கையேடுதான். ஆனால் அது கட்டளைகளைத்தான் சொல்லும். எதை முதலில் செய்வது, எந்தத் தரவுக்கு எப்போது விண்ணப்பிப்பது, எங்கே கால் வழுக்கும் என்பதெல்லாம் அதில் இருக்காது. அவற்றை நான் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சமாகப் பொறுக்கிச் சேர்க்க வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எடுத்துக்காட்டாகக் கன்னியாகுமரிக் கடலையும் 2024 மே மாத முதல் வாரத்தையும் எடுத்துக்கொள்கிறேன். அந்த மே 6 அன்று குமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். இந்தியக் கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருந்த நாட்கள் அவை. உள்ளூரில் புயலோ பெருங்காற்றோ இல்லாமலே கடல் பொங்கும் இந்த நிகழ்வைச் சரியாகக் கொண்டுவரும் மாதிரி, மற்ற நாட்களையும் ஓரளவு சரியாகவே சொல்லும். எந்த இடத்தில் தப்புச் செய்தாலும் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கற்றுக்கொள்ளவும் இது நல்ல பாடம்.

1. எந்தக் கேள்விக்கு விடை வேண்டும் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

அலை மாதிரிகள் இரண்டு வகை. முதல் வகை ஒவ்வொரு அலையின் மேட்டையும் பள்ளத்தையும் நொடிக்கு நொடி பின்தொடரும். ஸ்வாஷ், புசினெஸ்க் வகை மாதிரிகள் இதில் சேரும். இரண்டாம் வகை தனி அலையைக் கண்டுகொள்ளாது. எந்த அதிர்வெண்ணில், எந்தத் திசையில், எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று மட்டும் கணக்கு வைத்துக்கொள்ளும். ஸ்வான், வேவ்வாட்ச் 3 எல்லாம் இந்த வகை.

மீன்பிடித் துறைமுகத்தின் தடுப்புச் சுவருக்குப் பின்னால் படகு எவ்வளவு ஆடும் என்பது உங்கள் கேள்வியானால் முதல் வகைக்குப் போங்கள். சுவரின் முனையைச் சுற்றி அலை வளைந்து உள்ளே வருவதை ஸ்வான் தோராயமாகத்தான் கையாளும். 50, 100 கிலோமீட்டர் கடற்கரையில் அலை உயரம் எப்படி மாறுகிறது என்பது கேள்வியானால் ஸ்வான்தான் சரி. இந்தியப் பெருங்கடல் முழுவதும் வேண்டுமானால் வேவ்வாட்ச் 3 பக்கம் போகலாம். ஆனால் அதை முதல் மாதிரியாக எடுக்க வேண்டாம். நிறுவுவதிலேயே மனம் விட்டுப்போகும்.

ஸ்வான் தீர்க்கும் சமன்பாட்டை வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். ஆற்றல் அடர்த்தியை அதிர்வெண்ணால் வகுத்து வரும் ஆக்‌ஷன் அடர்த்தியின் சமன்பாடு அது. இடப்பக்கம்: அந்த அடர்த்தி இடம் விட்டு இடம் நகர்வது, ஆழம் மாறும்போது திசை திரும்புவது. வலப்பக்கம்: காற்று தருவது, வெண்நுரையாக உடைந்து போவது, அலைகள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வது, கடலடித் தரையின் உராய்வு தின்பது, கரையோரத்தில் உடைவது. இதைத் தாளில்லாமல் சொல்லத் தெரிந்தால் போதும்.

வெளியே வரும் முக்கிய எண் ஹெச்எஸ், அதாவது அலைகளில் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி உயரம். ஹெச்எஸ் 2 மீட்டர் என்றால் எல்லா அலையும் 2 மீட்டருக்குள் என்று பொருளில்லை. சில மணி நேரத்துக்குள் அதைப்போல இரு மடங்கை நெருங்கும் தனி அலை ஒன்று வந்துபோவது இயல்பு. உங்கள் அறிக்கையை மீனவர்களோ மாவட்ட நிர்வாகமோ படிக்கக்கூடும் என்றால் இந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள்.

2. தரவு விண்ணப்பத்தை முதல் வாரமே போடுங்கள்

மாதிரி ஓட ஆரம்பித்த பிறகு ஒப்பிட்டுப் பார்க்கத் தரவு தேடிக்கொள்ளலாம் என்று நினைப்பதுதான் ஆறு மாத ப்ராஜெக்ட்டைக் கெடுக்கும் முதல் காரணம். இலவசமாக உடனே கிடைப்பவை ஒரு பக்கம், கடிதம் போட்டுக் காத்திருந்து வாங்க வேண்டியவை இன்னொரு பக்கம். இரண்டாவதைத்தான் முதலில் தொடங்க வேண்டும்.

மிதவைத் தரவு: கரையோர அலை மிதவைகளை ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸும், ஆழ்கடல் மிதவைகளைச் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும் பராமரிக்கின்றன. இந்தியாவின் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்குள் எடுக்கப்பட்ட தரவை இணையத்தில் சொடுக்கி இறக்கிவிட முடியாது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். கல்லூரி முகப்புத்தாளில் வழிகாட்டியின் கையெழுத்துடன் ஒரு கடிதம், ப்ராஜெக்ட் பற்றி ஒரு பக்கச் சுருக்கம், எந்த இடம், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்னென்ன அளவுகள் என்ற பட்டியல், தரவைப் பிறருக்குக் கொடுக்க மாட்டேன் என்ற உறுதிமொழி. இவ்வளவையும் ஒரே பிடிஎஃப்-ஆகத் தயாராக வைத்திருங்கள். "குமரிக் கடல் அலைத் தரவு வேண்டும்" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் விளக்கம் கேட்டுத் திருப்பி எழுதுவார்கள், அதில் வாரங்கள் ஓடும். "2024 ஏப்ரல் 25 முதல் மே 12 வரை, அரை மணிக்கு ஒருமுறை, ஹெச்எஸ், உச்சக் காலம், சராசரித் திசை" என்று கேளுங்கள். காலம் என்பது அடுத்தடுத்த இரண்டு அலைகளுக்கு இடையிலான விநாடிகள்; ஆற்றல் மிக அதிகமாக உள்ள அலைகளின் காலமே உச்சக் காலம்.

மிதவைத் தரவு வராமலே போகலாம். மாற்று வழியாகச் செயற்கைக்கோள் உயரமானித் தரவை இன்றே பதிவுசெய்து எடுத்துவையுங்கள். ஜேசன்-3, சென்டினல்-3, இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 2013-இல் ஏவிய சரல் ஆகியவற்றின் அலை உயர அளவுகள் கோப்பர்நிக்கஸ் கடல் சேவையில் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன. ஆனால் அவை உயரத்தை மட்டும்தான் சொல்லும், அலைக் காலத்தைச் சொல்லாது. கரையிலிருந்து சுமார் 10, 20 கிலோமீட்டருக்குள் உள்ள புள்ளிகளை நம்ப வேண்டாம்.

கடல் வரைபடம்: டேராடூனில் உள்ள தேசிய ஹைட்ரோகிராஃபிக் அலுவலகம் வெளியிடும் வரைபடங்களை அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்களிடம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் துறை நூலகத்திலும், அருகிலுள்ள கடல்சார் பொறியியல் துறையிலும் கேட்டுப் பாருங்கள். பல துறைகளில் பழைய ப்ராஜெக்ட்டுக்காக வாங்கிய தாள் சுருட்டி வைத்திருக்கும். பார்க்கும்போது அளவை எடுத்த ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள், அது வரைபடத்திலேயே இருக்கும்.

3. மென்பொருளும் கணினியும்: செலவு எங்கே, எங்கே இல்லை

ஸ்வான் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவானது. திறந்த மூல உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸுக்குத் தயார் கோப்பும் உண்டு. லினக்ஸில் இலவச ஃபோர்ட்ரான் தொகுப்பியை வைத்து நாமே தொகுத்துக்கொள்ளலாம், அரை நாள் வேலை. நான் லினக்ஸைத்தான் சொல்வேன். பின்னால் கல்லூரிச் சர்வருக்கு மாற்ற வேண்டி வந்தால் தலைவலி இருக்காது. தரவு தயாரிக்கப் பைத்தான் போதும். மேட்லேப் உரிமம் இல்லையே என்று யாரும் நிற்க வேண்டாம். வணிக மென்பொருள் வாங்கினால்தான் முடிவை ஏற்பார்கள் என்று சொல்பவர்களையும் பொருட்படுத்த வேண்டாம்.

மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகம் இருந்தால் தொடங்கலாம். உண்மையான செலவு கணக்கீட்டு நேரம்தான். அதை எப்படி மதிப்பிடுவது என்று 7-ஆம் படியில் சொல்கிறேன்.

4. பெட்டியை வரையுங்கள், ஆழத்தைக் கொண்டு வாருங்கள்

குமரிக்குத் தெற்கே வெட்ஜ் பேங்க் என்ற மேடை கடலுக்கடியில் நீண்டு கிடக்கிறது. மீன்வளத்துக்குப் பேர்போன இடம். தெற்கிலிருந்து வரும் நீண்ட அலைகள் இதன்மேல் ஏறும்போதே திசை திரும்பத் தொடங்கிவிடும். ஆகவே பெட்டியின், அதாவது நாம் கணக்கிடப்போகும் கடற்பகுதியின், தெற்கு விளிம்பு இந்த மேடையைத் தாண்டி ஆழ்கடலில் இருக்க வேண்டும். 15 விநாடி அலைக்கு ஆழ்கடலில் அலைநீளம் 351 மீட்டர். காலத்தை வர்க்கமாக்கி 1.56-ஆல் பெருக்கினால் வரும். அலைநீளத்தில் பாதிக்கு மேல் ஆழம் இருந்தால்தான் அலைக்குத் தரை தெரியாது. அப்படியென்றால் விளிம்பில் குறைந்தது 175 மீட்டர் ஆழம் வேண்டும். தீர்க்கரேகை 76.5 முதல் 78.5 வரை, அட்சரேகை 6.5 முதல் 8.5 வரை என்று 2 பாகைக்கு 2 பாகைப் பெட்டி வைத்துத் தொடங்குங்கள். விளிம்புப் புள்ளிகளின் ஆழத்தைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் தெற்கே நீட்டிக்கொள்ளலாம்.

ஆழத்துக்கு ஜெப்கோ என்ற கடலாழத் தரவுத் தொகுப்பு. உலகம் முழுமைக்கும் 15 விகலைக்கு ஒரு புள்ளி, அதாவது சுமார் 450 மீட்டருக்கு ஒன்று. பதிவோ பணமோ தேவையில்லை. இதைக் கோப்பாக மாற்றி ஸ்வானுக்குக் கொடுக்கும் இடத்தில்தான் நிறையப் பேர் நாள்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஜெப்கோவில் கடலாழம் எதிர்மறை எண், மலை நேர்மறை எண். ஸ்வானுக்கு நேர் எதிராக, ஆழம் நேர்மறையாக வேண்டும். வாசிக்கும் கட்டளையில் பெருக்கும் காரணியை மைனஸ் 1 என்று கொடுத்தால் தீர்ந்தது. கொடுக்க மறந்தால் மேற்குத் தொடர்ச்சி மலைமேல் அலை ஓடும், குமரிக் கடல் வறண்ட நிலமாகிவிடும். மாதிரி எந்தப் புகாரும் சொல்லாமல் ஓடி முடியும்.

அடுத்தது வரிசை. ஜெப்கோ கோப்பில் முதல் வரி தெற்கு, கடைசி வரி வடக்கு. ஸ்வானில் ஐடிஎல்ஏ என்ற எண் இதைச் சொல்கிறது: 1 என்றால் மேல் இடது மூலையிலிருந்து, 3 என்றால் கீழ் இடது மூலையிலிருந்து. ஜெப்கோவை அப்படியே எழுதினால் 3. காற்றுத் தரவில் இது தலைகீழ், அது வடக்கிலிருந்து தொடங்கும், அதற்கு 1. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிட்டால் ஒன்று கவிழ்ந்துவிடும்.

அப்புறம் எண்ணிக்கை. ஸ்வான் கேட்பது கட்டங்களின் எண்ணிக்கை, புள்ளிகளின் எண்ணிக்கை அல்ல. 2 பாகை அகலத்தில் ஜெப்கோ 480 மதிப்புகள் தரும். அவற்றுக்கு இடையே 479 கட்டங்கள். 480 என்று எழுதினால் ஒவ்வொரு வரியும் ஒரு மதிப்பு நகர்ந்து, முழுக் கடற்கரையும் சாய்ந்துவிடும். அதோடு ஜெப்கோ மதிப்பு ஒவ்வொன்றும் சதுரத்தின் நடுப்புள்ளிக்கு உரியது. முதல் புள்ளி 76.5-இல் இல்லை, அரைக் கட்டம் உள்ளே தள்ளி 76.50208-இல் இருக்கிறது. பெரிய பெட்டியில் இது தெரியாது. துறைமுகத்துக்கு அருகே நுணுக்கமாகப் போகும்போது தெரியும்.

எழுதிய கோப்பை ஸ்வானே வாசித்து, ஸ்வானே திருப்பி எழுதிய ஆழப் படத்தை வரைந்து பாருங்கள். பைத்தானில் நீங்கள் வைத்திருக்கும் படத்தைப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். ஸ்வான் என்ன புரிந்துகொண்டது என்பதுதான் முக்கியம்.

கரையோரத்தில், குறிப்பாக 20 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில், ஜெப்கோவை அப்படியே நம்ப முடியாது. அங்கேதான் கடல் வரைபடத்தின் ஆழப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும். வரைபடத்தின் ஆழம் தாழ்ந்த ஓத மட்டத்திலிருந்து அளக்கப்பட்டது. ஜெப்கோ சராசரிக் கடல் மட்டத்தை ஒட்டியது. அந்த வித்தியாசத்தைச் சேர்த்துவிட்டு ஒட்டுங்கள். குமரியில் ஓதம் சிறியதுதான், ஆனாலும் 3 மீட்டர் ஆழத்தில் அரை மீட்டர் பிழை என்பது அலை எங்கே உடையும் என்பதையே மாற்றிவிடும்.

5. காற்று

ஐரோப்பிய நடுத்தரகால வானிலை முன்கணிப்பு மையத்தின் ஈஆர்ஏ-5 தொகுப்பை எடுங்கள். 1940 முதல் மணிக்கு ஒருமுறை, கால் பாகைக் கட்டத்தில், கோப்பர்நிக்கஸ் காலநிலைத் தரவு நிலையத்தில் இலவசம். செய்ய வேண்டியது: கணக்கு தொடங்குதல், அந்தத் தொகுப்பின் பக்கத்திலேயே உரிம நிபந்தனைக்கு ஒப்புதல் கொடுத்தல், அணுக்கச் சாவியை உங்கள் கணினியில் ஒரு சிறு கோப்பாகச் சேமித்தல். உரிமத்துக்கு ஒப்புதல் தராமல் நிரலை ஓட்டினால் பிழைதான் வரும். நிரலில்தான் தவறு என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

2024-இல் அந்தத் தளம் புதிய அமைப்புக்கு மாறியது. பழைய பயிற்சிக் குறிப்புகளில் உள்ள சாவியும் முகவரியும் இப்போது வேலை செய்யாது. நெட்சிடிஎஃப் கோப்பில் நேரத்தின் பெயரும் மாறிவிட்டது, முன்பு 'டைம்', இப்போது 'வேலிட் டைம்'. சீனியர் கொடுத்த நிரல் திடீரென்று நின்றுபோனால் முதலில் இதைப் பாருங்கள். கோரிக்கைகள் வரிசையில் நிற்கும். ஒரே அடியாகப் பல ஆண்டுகளைக் கேட்டால் வெகுநேரம் ஆகும், மாதம் மாதமாகப் பிரித்துக் கேளுங்கள். காற்றையும் அலையையும் தனித்தனிக் கோரிக்கையாகப் போடுங்கள், ஏனென்றால் அலைத் தரவு அரைப் பாகைக் கட்டத்தில் இருக்கிறது.

கோப்பு எழுதும்போது ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கிழக்கு மேற்குக் கூறுகள் முழுவதையும் எழுதிவிட்டு, அதன் பிறகு வடக்கு தெற்குக் கூறுகள் முழுவதையும் எழுத வேண்டும். இரண்டையும் ஜோடி ஜோடியாக எழுதக் கூடாது.

நேரம் எல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். மிதவைத் தரவு இந்திய நேரத்தில் வந்தால் 5 மணி 30 நிமிடம் கழித்துக்கொள்ளுங்கள். இதைக் கவனிக்காமல் ஒப்பிட்டுவிட்டு, மாதிரி முந்தி ஓடுகிறது என்று உராய்வு எண்ணை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

ஒக்கி போன்ற புயலை மாதிரியாக்கப் போகிறீர்களா? அப்போது ஈஆர்ஏ-5 மட்டும் போதாது. சுமார் 31 கிலோமீட்டர் கட்டத்தில் புயலின் மையத்தைச் சுற்றியுள்ள கடுங்காற்று மழுங்கிவிடும். ஹாலண்டு 1980-இல் தந்த சுழற்காற்றுச் சூத்திரத்தை மேலே ஒட்ட வேண்டியிருக்கும். கள்ளக்கடலுக்கு அந்தத் தொல்லை இல்லை.

6. விளிம்பில் அலையை உள்ளே விடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் கவனமாகப் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பெட்டிக்குள் உள்ள காற்றை மட்டும் கொடுத்து ஸ்வானை ஓட்டினால் மே மாதக் குமரிக் கடல் கிட்டத்தட்டக் குளம் போலக் காட்டும். ஏனென்றால் அந்த அலை அங்கே பிறந்ததே இல்லை. தெற்கு அட்சரேகை 40, 50 பாகைப் பக்கம், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் வீசும் புயல்காற்றில் பிறந்து, நாட்கணக்கில் பயணம் செய்து வருகிறது. 15 விநாடி அலையின் ஆற்றல் ஆழ்கடலில் நொடிக்கு 11.7 மீட்டர் நகரும், நாளைக்குச் சுமார் 1000 கிலோமீட்டர். தெற்கு 45 பாகையிலிருந்து குமரிக்குக் கிட்டத்தட்ட 5900 கிலோமீட்டர், ஆறு நாள் வழி. இந்த ஆறு நாள் இடைவெளியால்தான் முன்கூட்டி எச்சரிக்கை கொடுக்க முடிகிறது.

இதைப் பெட்டிக்குள் கொண்டுவர எளிய வழி, விளிம்பில் ஏற்கெனவே கணக்கிடப்பட்ட உலக அலைத் தரவைக் கொடுப்பது. ஈஆர்ஏ-5-இன் அலைத் தரவை எடுக்கலாம். கோப்பர்நிக்கஸ் கடல் சேவையின் உலக அலை முன்கணிப்பு இன்னும் நுணுக்கமானது: பன்னிரண்டில் ஒரு பாகை, 3 மணிக்கு ஒருமுறை. தெற்கு, மேற்கு, கிழக்கு மூன்று விளிம்பும் திறந்த கடல், மூன்றுக்கும் கொடுக்க வேண்டும். தெற்குக்கு மட்டும் கொடுத்தால் பக்கவாட்டிலிருந்து நிழல் விழுந்து கரைக்கு வரும் அலை குறைந்துபோகும்.

டிபார் என்ற வகைக் கோப்பில் ஒவ்வொரு நேரத்துக்கும் நான்கு எண்கள்: உயரம், காலம், திசை, பரவல். நான்கிலும் ஒவ்வொரு குழி இருக்கிறது.

உயரம்: ஈஆர்ஏ-5 மொத்த அலையையும் தரும், ஸ்வெல்லை, அதாவது தொலைவில் பிறந்து வரும் நீண்ட அலையை, மட்டும் பிரித்தும் தரும். பெட்டிக்குள் காற்றையும் கொடுக்கிறீர்கள் என்றால், கள்ளக்கடல் நாட்களில் ஸ்வெல் உயரத்தை எடுப்பது பொருந்தும். ஜூன், ஜூலை தென்மேற்குப் பருவத்தில் இரண்டும் கலந்து பலமாக இருக்கும். அப்போது நான்கு எண்ணில் அடக்க முடியாது, ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு ஆற்றல் என்று சொல்லும் முழு இருபரிமாண ஸ்பெக்ட்ரமே தேவை. முதல் ஓட்டத்துக்கு அந்த மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

காலம்: ஸ்வான் இயல்பாக எதிர்பார்ப்பது உச்சக் காலம். தரவுத் தொகுப்பில் சராசரிக் காலமும் பக்கத்திலேயே இருக்கும், பெயர் குழப்பும். சராசரிக் காலத்தைக் கொடுத்துவிட்டால் 16 விநாடி அலை 11 விநாடி அலையாகிவிடலாம். உயரம் சரியாக வந்தும் கரையில் பொங்குவது வராது.

திசை: ஈஆர்ஏ-5-இல் அலை எங்கிருந்து வருகிறது என்பது, வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றாக. தெற்கு தென்மேற்கிலிருந்து வரும் அலை 200 பாகை. ஸ்வானோ, நாட்டிக்கல் முறை என்று கட்டளையில் சொல்லாவிட்டால், அலை எங்கே போகிறது என்பதைக் கிழக்கிலிருந்து எதிர்ச்சுற்றாக எடுத்துக்கொள்ளும். அந்தக் கணக்கில் 200 என்பது மேற்கே போகும் அலை. தெற்கு விளிம்பில் உள்ளே எதுவுமே நுழையாது, கிழக்கு விளிம்பில் மட்டும் நுழையும். மன்னார் வளைகுடாப் பக்கம் அலையும் குளச்சல் பக்கம் அமைதியும் காட்டும் விசித்திரமான படம் வந்தால் காரணம் இதுதான்.

பரவல் (அலைகள் எவ்வளவு அகலமான திசைகளில் சிதறியிருக்கின்றன என்பது): இயல்பாக ஸ்வான் இதைக் கோசைனின் அடுக்காக எடுத்துக்கொள்ளும், பாகையாக அல்ல. பாகை என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அடுக்கு பெரிதாக இருந்தால் குறுகிய பரவல், பாகையில் அது தலைகீழ். 10 என்று எழுதுவதற்கு முன் எது என்று முடிவு செய்யுங்கள்.

எல்லாம் சரியா என்று பார்க்க ஸ்வானே ஒரு வசதி தருகிறது. நீங்கள் கொடுத்த உயரமும் விளிம்பில் கணக்கில் வந்த உயரமும் 10 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால், ஓட்டத்தின் குறிப்புகளை எழுதிவைக்கும் அச்சுக் கோப்பில் எச்சரிக்கை எழுதும். அந்த வரிகள் பக்கம் பக்கமாக வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுத் திசையைத் திரும்பப் பாருங்கள்.

7. அதிர்வெண், திசை, நேரப்படி

கீழ் அதிர்வெண்ணைப் பலர் 0.05 என்று வைக்கிறார்கள். அது 20 விநாடியோடு நின்றுவிடும். கள்ளக்கடலில் உச்சக் காலம் அதை ஒட்டியோ தாண்டியோ வரலாம். 0.03 வையுங்கள். மேல் அதிர்வெண் 1. இடையில் எத்தனை பிரிவு என்று சொல்லாமல் விட்டால் ஸ்வானே கணக்கிட்டுக்கொள்ளும், சுமார் 37 வரும்.

திசைக்கு 36 பிரிவு, அதாவது 10 பாகைக்கு ஒன்று, காற்றலைக்குப் போதும். குறுகிய ஸ்வெல்லுக்கு 5 பாகையாவது வேண்டும், 72 பிரிவு.

கட்டம் 0.02 பாகை, சுமார் 2.2 கிலோமீட்டர். 101-க்கு 101 புள்ளி. இப்போது பெருக்குங்கள்: 10,201 புள்ளி, 72 திசை, 37 அதிர்வெண். சுமார் 2 கோடியே 72 லட்சம் எண்கள், ஒரு பிரதிக்கு ஏறக்குறைய 109 எம்பி. இதை மடிக்கணினி தாங்கும். கட்டத்தைப் பாதியாக்கினால் எல்லாம் நான்கு மடங்கு. ஆகவே முழுப் பெட்டியையும் நுணுக்கமாக்காமல், இதற்குள் கரையோரமாக ஒரு சின்னப் பெட்டியை வைத்து, பெரியதன் முடிவைச் சின்னதன் விளிம்புக்குக் கொடுங்கள்.

நிலைத்த ஓட்டமா, நேரத்தோடு மாறும் ஓட்டமா? 15 விநாடி அலை இந்தப் பெட்டியைத் தெற்கு வடக்காகக் கடக்கவே 5 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் விளிம்பில் நிலைமை மாறிவிடும். எனவே நேரத்தோடு மாறும் ஓட்டம்தான். நேரப்படி 10 முதல் 20 நிமிடம். ஒவ்வொரு படிக்கும் எத்தனை முறை திரும்பக் கணக்கிடும் என்பது உங்கள் பதிப்பில் 1 என்று இருந்தால் உயர்த்துங்கள். முதல் ஒரு நாள் முடிவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், கடல் வெறுமையிலிருந்து நிரம்பும் நேரம் அது.

8. நிஜக் கடலுக்கு முன் ஒரு சரிவு

ஆழம் 200 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை நேராகக் குறையும் கற்பனைக் கடற்கரை ஒன்றை உருவாக்குங்கள். காற்று வேண்டாம், உராய்வு வேண்டாம், உடைவு வேண்டாம். 1 மீட்டர் உயரம், 15 விநாடி, குறுகிய பரவல், கரைக்குச் செங்குத்தாக ஒரு அலையை விடுங்கள்.

கையால் கணக்கிட்டால் 10 மீட்டர் ஆழத்தில் அலைநீளம் 351-இலிருந்து 144 மீட்டராகச் சுருங்கும், உயரம் 1.14 மீட்டராகும். 5 மீட்டர் ஆழத்தில் உயரம் 1.32. ஸ்வான் இதையொட்டி வந்தால் உங்கள் அமைப்பு சரி. வராவிட்டால் நிஜக் கடலில் வருவதற்கு வழியே இல்லை. நடுக்கடலில் படகுக்காரர்களுக்குப் பெரிதாகத் தெரியாத அலை கரையில் ஆளை அடித்துப்போவதன் காரணமும் இந்த எண்களிலேயே இருக்கிறது. இந்தச் சோதனையை ஆய்வேட்டில் ஒரு பக்கமாகச் சேர்த்துவிடுங்கள்.

9. ஓட்டுங்கள், அச்சுக் கோப்பைப் படியுங்கள்

ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்க்காதீர்கள். முதலில் விளிம்பு அலை மட்டும். பிறகு காற்று. பிறகு உராய்வு, உடைவு. உராய்வுக்கு ஜான்ஸ்வாப் எண் 0.038, உடைவுக்கு 0.73 என்ற இயல்பு மதிப்புகளோடு தொடங்குங்கள். வெண்நுரைக்கான சூத்திரத்தை இயல்புக்கு விடாமல் பெயர் சொல்லி எழுதுங்கள், பதிப்புக்குப் பதிப்பு முடிவு மாறாமல் இருக்கும்.

ஓட்டம் முடிந்தது என்பதற்கு அடையாளம் திரை அமைதியாவதல்ல. இயல்பாக முடிந்தால் 'நார்ம் எண்ட்' என்ற கோப்பு உருவாகும். பிழைக் கோப்பு ஒன்று உருவாகியிருந்தால் அதை முதலில் திறங்கள். அச்சுக் கோப்பில் ஒவ்வொரு படிக்கும் எத்தனை சதவீதப் புள்ளிகளில் துல்லியம் எட்டப்பட்டது என்று எழுதியிருக்கும்.

நிலப் புள்ளிகளில் ஹெச்எஸ் மைனஸ் 9 என்றும் திசை மைனஸ் 999 என்றும் வரும். சராசரி எடுக்கும் முன் இவற்றை நீக்குங்கள். திசையின் சராசரியை நேராகக் கூட்டி வகுத்து எடுக்க முடியாது: 350-க்கும் 10-க்கும் சராசரி 180 அல்ல. சைன், கோசைன் வழியாகப் போங்கள்.

10. ஒப்பீடு

உயரத்தை மட்டும் ஒப்பிட்டு ஒட்டுறவு எண் 0.9 என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. கள்ளக்கடலில் முதலில் மாறுவது காலம்தான். நீண்ட கால அலைகள் வேகமாக நகர்வதால் முதலில் அவை வந்து சேரும், பிறகு நாளுக்கு நாள் காலம் மெதுவாகக் குறையும். மிதவையின் உச்சக் கால வரைபடத்தில் இந்தத் திடீர் ஏற்றமும் சாய்ந்து இறங்கும் கோடும் தெளிவாகத் தெரியும். உங்கள் மாதிரியிலும் அது அதே நாளில், அதே சாய்வில் வருகிறதா என்று பாருங்கள். பிறகு சராசரிப் பிழை, வர்க்கச் சராசரிப் பிழை, சிதறல் எண் மூன்றையும் உயரத்துக்கும் காலத்துக்கும் தனித்தனியாகப் பட்டியலிடுங்கள்.

பொருந்தவில்லை என்றால் எண்களைத் திருகுவதற்கு முன் இந்த வரிசையில் தேடுங்கள்: நேர மண்டலம், திசை முறை, உச்சக் காலமா சராசரிக் காலமா, விளிம்புத் தரவு, ஆழம். உராய்வு எண் கடைசி. அதை மாற்றி மிதவையோடு பொருத்திவிடலாம்தான், ஆனால் அடுத்த மாதத் தரவைக் கொடுத்ததும் பொருத்தம் கலைந்துவிடும்.

ஆறு மாதம் இருந்தால் கால அட்டவணை இப்படி இருக்கட்டும்: முதல் வாரம் விண்ணப்பங்கள், முதல் மாத முடிவுக்குள் ஆழக் கோப்பும் சரிவுச் சோதனையும், இரண்டாம் மாதம் விளிம்பும் காற்றும், மூன்றாம் மாதம் முழு ஓட்டமும் உள்பெட்டியும், நான்காம் மாதம் ஒப்பீடு, மீதி இரண்டு மாதம் எழுத. மூன்றாம் மாத முடிவிலும் மிதவைத் தரவு வந்து சேரவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம், செயற்கைக்கோள் தரவை வைத்து ஒப்பீட்டைத் தொடங்கிவிடுங்கள். ஒவ்வொரு ஓட்டத்தின் கட்டளைக் கோப்பையும் அச்சுக் கோப்பையும் தேதியிட்ட தனி அடைவில் வையுங்கள். இந்தப் படத்தை எந்த அமைப்பில் எடுத்தீர்கள் என்று வைவாவில் கேட்டால் அதைத் திறந்து காட்டலாம்.